ஐந்தாவது நிறுத்தத்தில் ஒரு பெண்

ஜூன் 4, ஞாயிறு

பதினாறு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். பதினான்கு பேர் வந்தார்கள். தூறலைப் பார்த்துவிட்டு மற்ற இருவரும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருப்பார்கள்.

தேர்நிலைத் திடலில் காலை ஆறரைக்கு ஆரம்பித்து, எட்டரைக்கு டிபன் கடையில் முடிகிற நடை இது. 'கோவைப் பெண்களின் கதை' என்று பெயர் வைத்தவள் கிருத்திகா. என் பழைய மாணவி. ஒன்பதாம் வகுப்பில் வரலாற்றில் முப்பத்தெட்டு மார்க் வாங்கியவள் இன்று ஊர் வரலாற்றுக் குழு நடத்துகிறாள். ஓய்வு பெற்று டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்த என்னை, "நீங்க பேசினா நல்லா இருக்கும் மிஸ்" என்று இழுத்து வந்ததும் அவள்தான். ஒன்றரை வருடமாக நான்தான் வழிகாட்டி.

ஆறு நிறுத்தங்கள். ஐந்தாவது, பெண்களுக்கென்று இருந்த பழைய படிப்பகம். இன்று போனால் கட்டடத்தையே காணோம். சுற்றிலும் தகரம் அடித்திருக்கிறார்கள். பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் சந்து வழியே பத்து நிமிடம் நடக்க வேண்டியதாயிற்று. எல்லோரும் போனை எடுத்துவிட்டார்கள். அம்மாவோடு வந்திருந்த ஒரு சின்னப் பெண் மட்டும் ஒரு மாடி வீட்டைக் காட்டி, "இந்த வீட்ல யார் இருந்தாங்க?" என்று கேட்டாள். கீழே சாக்கு குடோன், ஷட்டர் இறக்கியிருந்தது. மேலே ஒரு பச்சை ஜன்னல்.

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளின் விடைத்தாளில் 'ஆதாரம்?' என்று சிவப்பு மையில் எழுதியவள் நான்.

"ரங்கநாயகின்னு ஒருத்தங்க இருந்தாங்க" என்றேன். மில்லில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவில் வேலை பார்த்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மாலையில் தெருப் பெண்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார் என்று வரிசையாக வந்தது. போன்கள் எல்லாம் பைக்குள் போயின. பிறகு இதையும் சொன்னேன்: தினமும் இரண்டு தட்டுகளைக் கழுவி ஜன்னலில் கவிழ்த்து வைப்பார். சாப்பிட்டது ஒன்றில்தான். வீட்டில் இன்னொரு ஆள் இருப்பதாகத் தெரு நினைத்துக்கொள்ளட்டும் என்று.

"அவங்களுக்குப் பயமா இருந்துச்சா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"இல்லம்மா. பழக்கம்" என்றேன்.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். ரசம் வைத்தேன். தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தேன். எஸ்தருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை.

ஜூன் 7, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவரோடு மழையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். அவருக்குத்தான் அவசரம்.

ஜூன் 11, ஞாயிறு

ரங்கநாயகியை இன்று சொல்லக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். திடலில் இறங்கியதும் ஓர் அம்மாள், "ரெண்டு தட்டு அம்மா வீடும் இதுல வருதுங்களா? போன வாரம் வந்த என் தங்கச்சி சொன்னா" என்றார். என்ன செய்வது. சொன்னேன். இந்த முறை அந்த ஜன்னலோரம் ஒரு ரேடியோவும் சேர்ந்துகொண்டது.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு வயதான அம்மா இடுப்பில் எவர்சில்வர் குடத்தோடு நின்று கேட்டார். மூலைக் குழாய்க்கு வந்தவர் போலிருக்கிறது. எண்பதை நெருங்குகிற வயது. குடத்தில் ஏதோ பெயர் வெட்டியிருந்தது. யார் வீட்டுப் பாத்திரத்தில்தான் வெட்டவில்லை.

என் வீட்டிலேயே ஒரு தட்டில் 'எஸ்தர்' என்று இருக்கிறது. எங்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். பத்தொன்பது வருடம் இந்த வீட்டில் என்னோடு இருந்தாள். இடுப்பெலும்பு முறிந்து நாசரேத்தில் தம்பி வீட்டுக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. நடக்க முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் ரயில் ஏறினாள்.

ஜூன் 18, ஞாயிறு

குடத்து அம்மா இன்றும் நின்றார். நான் பேசி முடித்ததும், "கத நல்லாருக்குதுங்க டீச்சரு" என்றார். "ஆனா கடுதாசி எழுதுனதெல்லாம் இல்லீங்க. அவளுக்கு எழுதத் தெரியாது."

"உங்களுக்கு அவங்களைத் தெரியுமா?"

"தெரியாம என்னங்க" என்றார். கூட்டம் முழுவதும் அவர் பக்கம் திரும்பிவிட்டது. "ரீலிங்கும் இல்லீங்க. மில்லுக்குள்ள புள்ளைங்கள வச்சுப் பாத்துக்கற கொட்டாய் இருந்துச்சு. அதுல ஆயா."

எல்லோரும் அவரைப் படம் எடுத்தார்கள். நான் ஆறாவது நிறுத்தத்துக்குக் கிளம்பினேன். அவர் அங்கேயே நின்றுவிட்டார். மூட்டு வலியாக இருக்கும்.

ஜூன் 20, செவ்வாய்

இரண்டு நாளாக யோசிக்கிறேன். நான் கற்பனையாகச் சொன்ன ஒருத்தியை இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அவரும் அளக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் நின்று தன் பேச்சைக் கேட்கட்டும் என்று ஒரு கிழவி பொய் சொல்கிறாள். பாவமாகத்தான் இருக்கிறது.

பொய் சொல்பவர்களைப் பார்த்துப் பாவப்பட எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்றும் தோன்றியது. மிளகாய்ப்பொடி அரைக்கக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 25, ஞாயிறு

இருபத்தொரு பேர். இதுவரை இவ்வளவு கூட்டம் வந்ததில்லை.

இன்று நான் ஆரம்பித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். அவரே பேசினார். கழிவுத் துணியில் கட்டிய இருபத்திரண்டு தொட்டில்கள். ரீலிங் பெண்களுக்குப் பால் கொடுக்கக் கால் மணி நேரம் விடுவார்கள். ஓடி வரும்போதே ஜாக்கெட் ஊக்கைக் கழற்றிக்கொண்டு வருவார்களாம். தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். குழந்தை மூக்கில் பஞ்சு போய்விடாமல் முதலில் அவர்கள் முகத்தை ஆயா துடைத்துவிட வேண்டும்.

"அம்மா மொகத்தத் தொடச்சுப்போட்டுத்தான் புள்ளையக் கையில குடுப்பா" என்றார்.

இப்படி ஒன்று எனக்குத் தோன்றியிருக்காது. கிழவி என்னைவிட நன்றாகப் புளுகுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

குழாயில் இன்று தண்ணீர் வரவில்லை. அவர் இடுப்பில் குடம் மட்டும் இருந்தது. தண்ணீர் வராத நாளில் எதற்குக் குடம் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் டிபன் கடையிலிருந்து போன் வந்துவிட்டது.

ஜூலை 2, ஞாயிறு

மழை. நடை ரத்து. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் குடையை எடுத்துக்கொண்டு சந்து வரைக்கும் போனேன். பால் வாங்க என்று வைத்துக்கொள்ளலாம். என் தெருவிலேயே மூன்று பால் கடைகள் இருக்கின்றன.

பச்சை ஜன்னலில் ஒரு கதவு திறந்திருந்தது. குடோன் ஆட்கள் திறந்திருப்பார்கள். கொஞ்ச நேரம் கீழே நின்றேன். அந்த அம்மாவையும் காணோம். அவர் எந்த வீடு என்றுகூட நான் கேட்டதில்லை.

ஜூலை 9, ஞாயிறு

கிருத்திகா டிபன் கடையில் வைத்து நல்ல செய்தி சொன்னாள். ஆறு நிறுத்தங்களிலும் போர்டு வைக்க அனுமதி கிடைத்துவிட்டதாம். நீல எனாமல் போர்டு. பெயர், வருடம், அவரைப் பற்றி இரண்டு வரி. ஆகஸ்டில் திறப்பு.

"ரங்கநாயகி அம்மாவோட பொறந்த வருஷமும் எறந்த வருஷமும் வேணும் மிஸ். ஏதாவது ஒரு ஆதாரமும் வேணும். உயிரோட இருக்கறவங்களுக்கு வைக்கறதில்லைன்னு குழுவுல முடிவு பண்ணிருக்கோம், அதனால தேதி முக்கியம்" என்றாள். "ஆதாரம் இல்லாம எழுதக் கூடாதுன்னு நீங்கதான மிஸ் அடிப்பீங்க" என்று சிரித்தாள்.

இல்லாத ஒருத்தியின் பெயரை இந்த ஊர்த் தெருவில் அடித்து மாட்டப் போகிறார்கள். வரலாற்று டீச்சர் செய்த காரியம் இது. உண்மையைச் சொன்னால் நடை என் கையை விட்டுப் போய்விடும். நடை போனால் ஞாயிறும் எனக்குத் திங்கட்கிழமை மாதிரிதான். வாரத்தில் நான் வாய் திறந்து பேசுவது அந்த இரண்டு மணி நேரம்தான்.

பதினைந்து நாள் அவகாசம் கேட்டேன்.

ஜூலை 12, புதன்

எஸ்தர் பேசினாள். தம்பி அவளுக்குக் கீழேயே ஒரு அறை போட்டுக் கொடுத்துவிட்டானாம். பக்கத்திலேயே சர்ச். "இனி அங்க வந்து என்ன செய்யப் போறேன், கோமு. என் சாமான யாருக்காவது குடுத்துரு. பெட்டில இருக்கிற டிராக் சூட்ட மட்டும் தூரப் போட்டுராத" என்றாள்.

சரி என்றேன். மாலையில் மோர்க்குழம்பு.

ஜூலை 16, ஞாயிறு

அந்த அம்மா வரவில்லை. கூட்டம் அவரைத் தேடியது. நானும் தேடினேன். ரங்கநாயகி கதையை என் வாயால் சொல்லும்போது அதில் உயிரே இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது.

கூட்டத்தை டிபன் கடையில் விட்டுவிட்டு நான் திரும்பி வந்தேன். மூலையில் இஸ்திரி போடுகிறவரிடம், குடத்தோடு வருவார்களே ஓர் அம்மா, அவர்கள் வீடு எது என்று கேட்டேன்.

அவர் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு மேலே கையைக் காட்டினார். "ராமாத்தா அம்மாதானுங்களே? அவத்த பச்ச ஜன்னல். நான் பொறக்கறதுக்கு முன்னால இருந்தே அந்தம்மா அங்கதானுங்க இருக்குது. குடோனுக்குப் பின்னால படி இருக்குதுங்க. நாலு நாளாக் காய்ச்சல். எங்க வூட்டுலதான் கஞ்சி குடுத்து உட்டாங்க."

ஒன்றரை வருடமாக அந்தச் சந்தில் நடக்கிறேன். ஆறு வாரமாக அந்த ஜன்னலைக் காட்டிக் கதை சொல்கிறேன். பின்பக்கம் ஒரு படி இருக்கிறதா என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

ஒற்றை அறை. சாக்கு வாசனை. கட்டிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவுக்கு நேரே ஸ்டூல் மேல் அந்தக் குடம். இப்போதுதான் படித்தேன்: 'ராமாத்தாள். குழந்தைகள் காப்பகம். 1964 – 1998. அன்பளிப்பு: ரீலிங் பெண்கள்.'

"வாங்க டீச்சரு. மேல வாரதுக்கு இத்தன நாளாச்சுங்களா" என்றார்.

"ரங்கநாயகின்னு யாரும் இல்லம்மா. நானா சொன்னது" என்றேன். நின்றபடியேதான் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியாதுங்களா? அம்பத்திரெண்டு வருசமா இந்த வூட்டுல இருக்கறவ நானு."

"முதல் நாளே கூட்டத்துல வச்சு என்னை நாலு கேள்வி கேட்டிருக்கலாமே."

"சண்ட போடலாம்னுதானுங்க எறங்கி வந்தேன். வந்து பாத்தா அத்தன சனமும் அண்ணாந்து என்ற ஜன்னலப் பாத்துட்டு நிக்குது. மில்லு உட்டு இருவத்தஞ்சு வருசமாச்சுங்க. ஒருத்தரும் அண்ணாந்து பாத்ததில்ல. எனக்கு நல்லா இருந்துச்சு. பேரு எதுவா இருந்தா என்ன, பாத்துட்டுப் போகட்டும்னு உட்டுட்டேன்." கொஞ்சம் இருமினார். "கொடத்த எடுத்துட்டு வந்தனுங்களே, பாக்கலீங்களா? தண்ணி வராத அன்னிக்கும் எடுத்துட்டு வந்தேன். படிச்ச சனமாச்சே, எவராச்சும் ஒருத்தர் படிப்பாங்கன்னு."

கல்வெட்டுப் படிக்க ஆண்டுதோறும் பிள்ளைகளைக் கோயில் கோயிலாகக் கூட்டிப்போனவள் நான்.

எத்தனை குழந்தைகளை வளர்த்திருப்பீர்கள் என்று கேட்டேன். எண்ணவில்லை என்றார். "ரோட்டுல அம்பது வயசு ஆளுங்களப் பாத்தா, இது என்ற தொட்டில்ல கெடந்ததா இருக்குமோன்னு தோணும். நிறுத்திக் கேக்க முடியுங்களா? பேசாம வந்துருவேன்."

நான் கிளம்பத் திரும்பியபோது, "உங்க பேரு என்னங்க டீச்சரு? நானும் கேக்கவே இல்ல பாருங்க" என்றார்.

"கோமளவல்லி."

"நீங்க சொன்ன கதையில ஒண்ணுதானுங்க எனக்குச் சேரல. என்றகிட்ட ஒரே தட்டு. ரெண்டு தட்டக் கழுவிக் கவுக்கறது நானில்ல." என் முகத்தைப் பார்த்தார். "அது நீங்கதானுங்களே."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி இறங்கிவிட்டேன். அந்த பஸ் பத்து நிமிடத்துக்கு ஒன்று இருக்கிறது. படியின் கீழே சாக்குக் கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். இரண்டு வருடமாக வராத அழுகை.

ஜூலை 18, செவ்வாய்

கிருத்திகாவிடம் சொல்லிவிட்டேன்.

"மிஸ், நாப்பது ஐம்பது பேர் இதை நெட்ல எழுதிட்டாங்க" என்றாள். பிறகு, "அப்ப ராமாத்தாள் அம்மா பேர்ல போர்டு வைக்கலாமா?" என்று அவளே கேட்டு, அவளே, "உயிரோட இருக்காங்களே" என்றாள்.

மாலையில் மறுபடி கூப்பிட்டாள். குழுவில் பேசினார்களாம். ஐந்தாவது நிறுத்தத்துக்குப் போர்டு இல்லை. ஆகஸ்டிலிருந்து வேறு ஒருவர் வழிகாட்டுவார். "நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன் மிஸ்" என்று அழுதாள். அவர்கள் முடிவு சரிதான் என்றேன். நானாக இருந்தாலும் முட்டைதான் போட்டிருப்பேன்.

வருகிற ஞாயிறு ஒன்றை மட்டும் எனக்குக் கொடு என்று கேட்டேன். கொடுத்தாள்.

ஜூலை 19, புதன்

ராமாத்தாளுக்கு ரசமும் பருப்புச் சாதமும் தூக்கில் கொண்டுபோனேன். போர்டு கிடையாது என்பதையும் சொன்னேன்.

"செத்தாத்தான் வெப்பாங்களாமா?" என்று கேட்டுச் சிரித்தார். "அப்ப எனக்கு அவசரமில்லைன்னு சொல்லிருங்க. கொஞ்ச நாளு பொறுத்துக்கறேன்."

ஜூலை 23, ஞாயிறு

பத்தொன்பது பேர். பிளேக் மாரியம்மன் கோயில், பிரசவ ஆஸ்பத்திரி இருந்த இடம், எல்லாம் வழக்கம்போல. ஆதாரம் உள்ளதை மட்டும் சொன்னேன். சந்துக்குள் வந்ததும் பச்சை ஜன்னலுக்குக் கீழே நின்றேன்.

"இந்த இடத்துல ஏழு வாரமா நான் ஒரு பொய் சொல்லிட்டு இருந்தேன்" என்று ஆரம்பித்தேன். ரங்கநாயகி இல்லை என்றேன். ஏன் சொன்னேன் என்றும் சொன்னேன். தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. என் வீட்டில் இருக்கும் ஒருத்தியைத்தான் இங்கே கொண்டுவந்து குடிவைத்தேன். இரண்டு பேர் முகம் சுளித்துக்கொண்டு போனார்கள். போக வேண்டியதுதான்.

"இந்த வீட்ல உண்மையிலேயே ஒருத்தங்க இருக்காங்க. பேரு ராமாத்தாள். அவங்களையே கேளுங்க" என்றேன். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

ஜன்னலின் இரண்டு கதவுகளும் திறந்திருந்தன. காய்ச்சல் விட்டுத் தலைக்குக் குளித்து, சலவைச் சேலை கட்டி உட்கார்ந்திருந்தார். ஜன்னல் திட்டில் குடம். பெயர் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்தார். ஒரு கல்லூரிப் பெண் அதைச் சத்தமாகப் படித்தாள்.

கேள்விகள் கீழிருந்து போயின, பதில்கள் மேலிருந்து வந்தன. அரை மணி நேரம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். "எங்கம்மா அதே மில்லுலதானுங்க ரீலிங். சரசாத்தான்னு பேரு. என்னையும் கொட்டாய்லதான் போட்டு வச்சிருந்ததாச் சொல்லுவாங்க."

ராமாத்தாள் குனிந்து அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தார். ஞாபகம் வந்துவிட்டதாகச் சும்மாவாவது சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள்.

"நெனப்பு வரலீங்க சாமி" என்றார் ராமாத்தாள். "ஆனா தூக்கியிருப்பேன்."

ஆறாவது நிறுத்தத்துக்கு நாங்கள் போகவே இல்லை. டிபன் கடையில் பொங்கல் ஆறிவிட்டதாகக் கோபித்துக்கொண்டார்கள்.

ஜூலை 27, வியாழன்

இப்போது மின்கட்டணத்தைப் போனிலேயே கட்டிவிடலாமாம். கவுண்டரில் வரிசையில் நின்றுதான் கட்டினேன்.

ஜூலை 30, ஞாயிறு

ஆறரைக்குத் திடலில் யார் பேசியிருப்பார்களோ. ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. புடவையை எடுத்து வைத்த பிறகுதான் போக வேண்டிய இடம் இல்லை என்று உறைத்தது. கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். வலிக்கத்தான் செய்தது.

பதினொரு மணிக்கு ராமாத்தாள் வந்தார். வரச் சொல்லியிருந்தேன், வருவார் என்று நம்பவில்லை. உக்கடத்தில் பஸ் மாறி, இராமநாதபுரத்தில் இறங்கி, இரண்டு பேரிடம் வழி கேட்டு வந்திருக்கிறார். குடம் இல்லாமல், வெறும் கையோடு.

அரிசிம்பருப்புச் சாதம், அப்பளம். எஸ்தரின் தட்டில் போட்டேன். அவர் விரலால் எழுத்தைத் தடவி, "இது யாருங்க?" என்றார். சொன்னேன். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சோறு ஆறுவதைப் பற்றி இரண்டு பேரும் கவலைப்படவில்லை.

மூன்று மணிக்குப் பஸ் ஏற்றிவிட்டேன். அடுத்த ஞாயிறு நான் அங்கே போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் தட்டு ஒன்றுதான் இருக்கிறது, என்னுடையதை நானே கொண்டுவர வேண்டுமாம்.

வீடு திரும்பினால் பழைய அமைதிதான். எதுவும் மாறிவிடவில்லை. தட்டுகளைக் கழுவப் போட்டேன். இரண்டிலும் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. தேய்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.